நூற்று எண்பது வோல்ட்

வோல்ட் மீட்டரின் முள் நூற்று எண்பதில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அவள் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். முள் லேசாக நடுங்கிவிட்டு மறுபடி அதே இடத்தில் படுத்தது. பக்கத்தில் இருந்த ஆம்பியர் மீட்டர் ஏழரை காட்டியது. இருநூற்று நாற்பதும் பத்தும் காட்ட வேண்டிய மீட்டர்கள் அவை.

மீட்டர் பலகைக்குக் கீழே பொரிப்புப் பெட்டி நின்றது. ஆள் உயர மரப்பெட்டி. கதவில் கையகலக் கண்ணாடி. உள்ளே தட்டுத் தட்டாகக் கோழி முட்டைகள். மூன்று வாரமாகச் சூடு காட்டி, புரட்டி, ஈரம் பார்த்து வளர்த்த முட்டைகள். அன்று காலையில்தான் கீழ்த்தட்டில் ஒரு முட்டையின் ஓட்டில் பொட்டளவுக்கு விரிசல் விழுந்திருந்தது. உள்ளே இருக்கும் குஞ்சு வெளியே வரத் தயாராகி மூக்கால் முட்டிய இடம் அது. இந்த நேரத்தில் சூடு குறைந்தால் குஞ்சுக்குத் தெம்பு போய்விடும். பாதி உடைத்த ஓட்டுக்குள்ளேயே தலையைச் சாய்த்துவிடும். போன தடவை அப்படிச் செத்த குஞ்சுகளை அவள் வாளி வாளியாக அள்ளிக் குழியில் கொட்டியிருக்கிறாள். இன்னொரு முறை அதைச் செய்ய அவளால் ஆகாது.

முட்டை கொடுக்கும் பண்ணைக்காரம்மா வேறு, இந்த முறையும் குஞ்சு வராவிட்டால் இனி இந்தப் பக்கம் ஒரு முட்டைகூட வராது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கத்துகிறவர்களைச் சமாதானம் செய்துவிடலாம். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். வெப்பமானி முப்பத்தைந்துக்கு வந்திருந்தது. வெளியே மழை விட்டபாடில்லை. ஓட்டுச் சந்துகளில் குளிர்காற்று நுழைந்து வந்தது. மின்சாரம் குறைந்தால் தூக்கிக் கொடுக்கிற ஸ்டெபிலைசர் காலையிலேயே நாற்றமெடுத்துப் பொசுங்கிப்போயிற்று. ஜெனரேட்டரோ மெக்கானிக் கடையில் தலை வேறு உடம்பு வேறாகக் கிடந்தது. கஷ்டம் தனியாக வருவதில்லை, கூடப் பிறந்ததுகளையும் கூட்டிக்கொண்டுதான் வரும் என்று அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

கூடப் பிறந்தது என்றதும் அவளுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. ஏனென்றால் மின்சாரத்தை உறிஞ்சுவது கூடப் பிறந்தவன்தான்.

தெருக்கோடியில் இருந்த மர அறுவை மில் அவளுடைய அண்ணனுடையது. இரண்டு பெரிய ரம்பங்களும் ஓர் இழைப்பு மிஷினும் ஓடுகிற மில். அவள் வீட்டுக்கும் மில்லுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே மெலிந்த கம்பி. ரம்பம் மரத்தைக் கடிக்க ஆரம்பித்தால் தெருவிலே விளக்கெல்லாம் சோகை பிடித்த மாதிரி மங்கும். இரண்டு வருஷத்துக்கு முன் இதேபோல் ஒரு ஈடு முட்டை பாழான ஆத்திரத்தில், அவள் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மின்வாரிய ஆபீஸில் போய் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் வந்து மில்லுக்குச் சீல் வைத்தார்கள். சீலை எடுக்க அண்ணன் ஒரு வாரம் நாயாக அலைந்தான். அலைந்ததில்கூட அவனுக்கு வருத்தமில்லை. வேலைக்காரர்கள் முன்னால் அதிகாரி அந்தக் காகிதத்தை வாசித்தபோது கீழே தங்கையின் கையெழுத்து இருந்ததுதான் அவனை அறுத்துவிட்டது. அன்றையிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. எதிரே பார்த்தால் அவன் மேகத்தைப் பார்ப்பான், இவள் செருப்பைப் பார்ப்பாள்.

அவளுடைய வீட்டுக்காரர் சாது. சண்டை என்று வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிற மனிதர். அவர் கதவருகே நின்று தொண்டையைச் செருமினார்.

“நான் வேணா போயி மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா? சாயங்காலம் வரைக்கும் மிஷினை நிறுத்தி வைங்கன்னா, வைக்க மாட்டாரா?”

“அவன் வாசல்ல போயி நின்னீங்கன்னா அங்கேயே இருந்துக்குங்க. இந்த வாசலுக்கு வராதீங்க.”

ஸ்டெபிலைசர் எங்கேயாவது இரவலாகவாவது கிடைக்குமா என்று பார்த்துவரச் சொல்லி அவரைத் துரத்தினாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு, ஏதோ சொல்ல நினைத்து, சொல்லாமல் இறங்கிப் போனார்.

தனியாக ஆனதும் அவள் தன் வேலையை ஆரம்பித்தாள். தெருவில் அவளுக்குக் கணக்கம்மா என்று பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, அவள் திரும்பியதும் எல்லோரும் சொல்வார்கள். பால் காய்ச்ச எவ்வளவு கேஸ் ஆகிறது என்று கணக்குப் போடுகிறவள். பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்தவள் வேறு. மனிதர்களோடு பேசித் தீர்க்க வேண்டியதை எண்களோடு பேசித் தீர்த்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. எண் கோபித்துக்கொள்ளாது, முகத்தைத் திருப்பாது.

ஒரு காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் பெட்டிக்குள் சூடேறும் கம்பியின் மின்தடை. நூற்று எண்பதை ஏழரையால் வகுத்தால் இருபத்து நாலு ஓம். நல்ல நாளில் இருநூற்று நாற்பதைப் பத்தால் வகுத்தாலும் அதே இருபத்து நாலு. ஆகக் கம்பி சரியாகத்தான் இருக்கிறது. கம்பி தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வருகிற மின்சாரம்தான் குறைந்துவிட்டது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன். முன்னே இரண்டாயிரத்து நானூறு வாட் சூடு. இப்போது ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. வோல்ட் கால்வாசி குறைந்தால் சூடும் கால்வாசிதான் குறையும் என்று நினைக்கிறவன் ஏமாந்தான். வோல்ட்டும் குறைகிறது, அதனால் ஆம்பியரும் குறைகிறது, இரண்டும் சேர்ந்து சூட்டைப் பாதிக்குக் கிட்டே கொண்டுபோய் விட்டிருந்தன.

வோல்ட்டைக் கூட்ட அவள் கையில் ஒன்றுமில்லை. கம்பி அவள் கையில் இருக்கிறது. கம்பியைக் குறைத்தால் தடை குறையும், தடை குறைந்தால் அதிக ஆம்பியர் ஓடும், சூடு கூடும். சூடு வேண்டும் என்று கம்பியை நீட்டுகிறவர்கள்தான் ஊரில் அதிகம். அவள் அந்த ரகமில்லை. பதினைந்து ஓமுக்குக் கொண்டுவந்தால் நூற்று எண்பதில் பன்னிரண்டு ஆம்பியர். பன்னிரண்டையும் நூற்று எண்பதையும் பெருக்கினால் இரண்டாயிரத்து நூற்று அறுபது வாட். போதும், தாராளமாகப் போதும்.

பென்சிலைக் கீழே வைக்கும் முன் அவள் இன்னொரு வரியும் எழுதினாள். அதுதான் அவள். அதே பதினைந்து ஓமில் முழு வோல்ட் வந்துவிட்டால்? பதினாறு ஆம்பியர், மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது வாட். கம்பி வெள்ளையாகக் கனன்று பெட்டி அடுப்பாகிவிடும்.

ஆனால் வோல்ட் எப்படி ஏறும்? அண்ணன் மில் ஓடுகிறவரை ஏறாது. சாப்பாட்டுக்கு நிறுத்துவதானாலும் சாயங்காலம் மூடுவதானாலும் மில்லில் முதலில் சங்கு ஊதுவார்கள். சங்கு கேட்டதும் ஸ்விட்சை அணைத்தால் தீர்ந்தது. தங்கையின் முட்டைக்காக அந்த மனிதன் மிஷினை நிறுத்தவா போகிறான்? நிறுத்தவே மாட்டான் என்பதன் மேல் அவள் தன் கணக்கைக் கட்டினாள். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அண்ணனை அவள் ஒரு விஷயத்தில் முழுசாக நம்பினாள்.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் மேல்பலகையைக் கழற்றினாள். பீங்கான் மணிகளில் மாட்டியிருந்த சுருள் கம்பி கறுத்துப்போயிருந்தது. ஒரே வெட்டாக வெட்டத் தைரியம் வரவில்லை. துளித்துளியாக வெட்டினாள், ஒவ்வொரு வெட்டுக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று, இருபத்தொன்று, பதினெட்டு. பதினைந்துக்கு வந்தபோது தரையில் நகத்துண்டுகள் போலக் கம்பித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. சூட்டைத் தானே பார்த்து அணைக்கும் தெர்மோஸ்டாட் பத்து ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதை விலக்கிக் கம்பியை நேராகக் கைஸ்விட்சில் கொடுத்தாள். பழைய ஃபியூஸ் கம்பியும் தாங்காது. தடித்ததாகப் போட்டாள். காவலுக்கு இருந்த இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவளே காவலுக்கு உட்கார்ந்தாள்.

ஸ்விட்சைப் போட்டதும் ஆம்பியர் முள் பன்னிரண்டில் போய் நின்றது. கணக்குப் போட்ட இடத்தில் அப்படியே நின்றது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைப் பார்க்க யாருமே இல்லையே என்றுகூட ஒரு வருத்தம் வந்தது.

வெப்பமானி மெல்ல ஏறியது. முப்பத்தாறு. முப்பத்தேழு. அதிகமாகப் போனால் அணைப்பாள், இறங்கினால் போடுவாள். கீழ்த்தட்டில் ஒரு முட்டை அசைந்தது. விரிசல் வளர்ந்து வட்டமாகி, ஓட்டின் மூடி தெறித்து, நனைந்துபோன ஒரு குஞ்சு கழுத்தை நீட்டிற்று. அழகாகவா இருந்தது? இல்லை. சேற்றில் விழுந்த பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்த தட்டிலும் கீச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் அதற்கு மேல் தட்டிலும்.

பொரிக்கும் நேரத்தில் பெட்டிக்குள் ஈரம் குறையக்கூடாது. வெந்நீர்த் தட்டு காய்ந்திருந்தது. கண்ணாடி வழியே வெப்பமானியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பயமில்லை. ஸ்விட்சை அப்படியே விட்டுவிட்டு, அடுப்பில் வைத்திருந்த வெந்நீரை எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள்.

பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கும்போது சமையலறை பல்பு பளிச்சென்று பிரகாசமாயிற்று.

முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். எத்தனையோ நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று நின்று, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாடா என்று மூச்சுக்கூட விட்டாள். அதற்குப் பிறகுதான் அது என்ன இரைச்சல், ஏன் நின்றது என்று மூளைக்கு எட்டியது. சங்கு ஊதவில்லை. ரம்பம் நின்றுவிட்டது.

பாத்திரம் எங்கே விழுந்தது, வெந்நீர் எங்கே கொட்டியது என்று அவள் பார்க்கவில்லை. ஓடிவந்தபோது வோல்ட் முள் இருநூற்று நாற்பதில் நின்றது. ஆம்பியர் முள் பதினாறில் நின்றது. கணக்கு இந்த முறையும் ஓர் இம்மி பிசகவில்லை. பெட்டியின் கண்ணாடி உள்ளிருந்து ஆரஞ்சாக எரிந்தது. மரம் கருகும் நாற்றம். ஸ்விட்சைத் தட்டினாள். கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளிருந்து முகத்தில் அனல் அடித்தது.

மேல்தட்டுக்குத் தலைக்கு மேலேயே கம்பி. அந்தத் தட்டு போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கீழே உள்ள தட்டுகளில் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. அவள் முந்தானையால் விசிறினாள். விசிறிக்கொண்டே அழுதாள். என்னை மன்னிச்சிருங்க என்று குஞ்சுகளிடம் சொன்னாள். கணக்கம்மா கோழிக்குஞ்சிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று சொன்னால் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள்.

வெப்பமானி நாற்பதுக்கும் கீழே இறங்கியது. மூச்சு வாங்குவது குறைந்தது. செத்ததுபோலக் கிடந்த சில குஞ்சுகள் தலையைத் தூக்கின. அப்போதுதான் வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரரின் முகம் அவ்வளவு மலர்ந்து அவள் பார்த்ததில்லை. திட்டு வாங்கத் தயாராகவும் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்றும் அந்த முகம் சொல்லிற்று. “கோவிச்சுக்காத. மச்சான்கிட்ட போயிட்டேன். குஞ்சு சாகுதுன்னு சொல்லி முடிக்கலை, அவரே ஓடிப்போயி மெயினை இழுத்துட்டாரு. பாதி மரத்துல ரம்பம் நிக்குது. ஒரு கேள்வி கேக்கலை.”

அவள் அவரைப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். எதைச் சொல்லித் திட்டுவது? அவரிடம் கம்பியை வெட்டப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவளிடம் மில்லுக்குப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேருமே குஞ்சுகளைக் காப்பாற்றியதில் குஞ்சுகள் வெந்துபோயின. நடந்ததை அவள் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் வடிந்துவிட்டது.

இப்போது வெப்பமானி முப்பத்தாறுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி சூடு வேண்டும். முழு வோல்ட்டில் இந்தக் கம்பியைப் போட்டால் இரண்டு நிமிஷம் தாங்காது, ஏற்கெனவே தொய்ந்து தட்டுப் பக்கம் தொங்கியது. வெட்டிய துண்டுகளைச் சேர்த்துக் கட்டலாமா என்று ஒன்றை எடுத்து முறுக்கினாள். பழைய கம்பி, பப்படம் மாதிரி ஒடிந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கம்பியோடு தொடராக இணைத்துப் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவள் மனக்கணக்காகவே போட்டுவிட்டாள். இஸ்திரிப் பெட்டி நாலு ஆம்பியர் இழுக்கும், ஆகவே அறுபது ஓம். பதினைந்தும் அறுபதும் எழுபத்தைந்து. மூன்று ஆம்பியர் சொச்சம்தான் ஓடும். பெட்டிக்குள் நூற்றைம்பது வாட் கிடைக்கும். இரண்டு பல்பு எரிகிற சூடு, இத்தனை உயிருக்கு எங்கே போதும்? இஸ்திரிப் பெட்டிதான் நன்றாகக் காயும்.

இந்தக் கம்பிக்கு ஏற்ற மின்சாரம் நூற்று எண்பது வோல்ட்தான். அது ஓர் இடத்தில்தான் கிடைக்கும்.

“நான் போறேன்,” என்றாள்.

வீட்டுக்காரர் தானே போவதாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவரை ஸ்விட்சுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார வைத்தாள். முள் நூற்று எண்பதுக்கு வந்தால் மட்டும் போட வேண்டும், இருநூறைத் தொட்டால் அணைத்துவிட வேண்டும், சூடு முப்பத்தெட்டைத் தொட்டாலும் அணைத்துவிட வேண்டும், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மில்லில் வேலைக்காரர்கள் மரத்தூள் குவியல்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய ரம்பத்தின் பற்கள் பாதி மரத்தில் புதைந்து நின்றன. அண்ணன் மெயின் ஸ்விட்சு பக்கத்திலேயே, யாரும் தவறிப்போய்ப் போட்டுவிடக்கூடாது என்பதுபோல நின்றுகொண்டிருந்தான். தலைமுடியில் மரத்தூள். இரண்டு வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் மேகத்தைப் பார்க்க முயன்றான். மில்லுக்குத் தகரக்கூரை. பார்க்க மேகம் இல்லை.

“அண்ணா,” என்றாள். “மிஷினை ஓட்டு.”

அவன் முகம் இறுகியது. வேலைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். “என்ன, விளையாடுறியா? ஓடுச்சுன்னா ஆபீஸ்ல எழுதிக் குடுக்குற. நிறுத்தினா ஓட்டுங்குற. நான் என்னதான் செய்யணும், அதையாவது சொல்லு.”

அவள் சொன்னாள். மூச்சு இரைக்க, முன்னும் பின்னுமாக, எண்களை மட்டும் பிசகாமல் சொன்னாள். இருபத்து நாலு ஓமைப் பதினைந்தாக வெட்டியதை, பன்னிரண்டு ஆம்பியர் பதினாறானதை, மேல்தட்டு போனதை. அவனும் மோட்டாரோடு மாரடிக்கிறவன். பாதியிலேயே புரிந்துவிட்டது. கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

“நான் கொன்னுட்டேனா?”

“நீ இல்ல. நான்.”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதுமே,” என்றான். குரல் உடைந்தது. “நிறுத்தமாட்டேன்னு நெனச்சியா?”

“கேட்டா நீ நிறுத்துவேன்னு தெரியும். அதனாலதான் கேக்கலை.”

இதைச் சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. மழைக்குள் நடந்து வந்தபோதுகூட இது அவள் மனசில் இல்லை. கணக்கில் எங்கே பிழை என்று இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்தாளே, அது இதுதான். அவன் கல்நெஞ்சுக்காரன் என்று வைத்துக்கொண்டால் இருவரும் சரிசமம். கேட்ட உடனே நிறுத்திவிட்டான் என்றால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் யார்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் கம்பியை வெட்டினாள்.

அவன் மெயினைப் போட்டான். ரம்பம் முனகிச் சுற்ற ஆரம்பித்தது. அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். இருநூற்று இருபது என்றார் வீட்டுக்காரர், ஸ்விட்சைத் தொடவில்லை என்றார்.

“வெறும் சக்கரம் ஓடினா பத்தாதுண்ணா. மரத்தைக் கடிக்கணும். ரெண்டு ரம்பமும் கடிக்கணும்.”

பாதியில் நின்ற மரம் உள்ளே போனது. முள் நூற்றுத் தொண்ணூறுக்கு வந்தது. இரண்டாவது ரம்பத்தில் இருந்த கடைசி மரம் மிஷினை நிறுத்தும்போதுதான் தீர்ந்திருந்தது. மழையில் மூன்று நாளாக லாரி வரவில்லை என்று வேலைக்காரர் ஒருவர் சொன்னார். அண்ணன் ஒரு விநாடி யோசித்துவிட்டு, மூலையில் தார்ப்பாயை இழுத்தான். அதன் அடியில் கனமாக, இடுப்பளவு தடிமனில் ஒரு கருங்கட்டை கிடந்தது. முதலாளி, அது நீங்க கட்டுற வீட்டுக்குன்னு எடுத்து வச்சதாச்சே என்று வேலைக்காரர் தயங்கினார். அறு என்றான் அண்ணன். எந்த அளவுக்கு என்று அவர் கேட்டார். எந்த அளவுக்கு வேண்டுமானாலும் அறு, மெதுவாக அறு, மோட்டார் திணறணும் என்றான். கூடவே கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் இரண்டாயிரத்து நானூறு வாட் ஹீட்டர் கம்பி ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வரச் சொன்னான். எத்தனை ஓம் என்று அவள் வாயைத் திறக்கும் முன் இருபத்து நாலு என்று அவனே சொன்னான்.

கருங்கட்டை ரம்பத்தில் ஏறியது. காதைக் கிழிக்கிற அலறல். தலைக்கு மேல் தொங்கிய பல்பு மங்கியது. அந்த மங்கலைப் பார்த்து ஒரு மனுஷி சந்தோஷப்பட்டாள் என்றால் அது அவளாகத்தான் இருக்கும். போனில் வீட்டுக்காரர் ஏதோ கத்தினார். எண்பது என்ற கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது. போடுங்க என்று இவளும் கத்தினாள்.

அப்புறம் நின்றார்கள். அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். கை உயர்த்தினால் மரத்தை அழுத்தித் தள்ளினார்கள், கை தாழ்த்தினால் தளர்த்தினார்கள். அண்ணன் மெயின் ஸ்விட்சு பக்கத்தில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல மரம் பலகையாகவும் இல்லாமல் சட்டமாகவும் இல்லாமல் துண்டு துண்டாக விழுந்தது. முப்பத்தாறு என்றார் வீட்டுக்காரர். ரொம்ப நேரம் கழித்து முப்பத்தேழு என்றார். அதற்குப் பிறகு அவர் குரல் மாறிற்று. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. கேளு, கேளு என்று சொல்வதுபோல் இருந்தது. போனைப் பெட்டிக் கதவில் வைக்கிறார் என்று புரிந்தது.

அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்தினாள். ரம்பம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது.

அண்ணன் அதைப் பார்த்தான். தங்கைக்கு ஏதோ கேட்கவேண்டும், இரைச்சலில் கேட்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. வேறொன்றையும் அவன் யோசிக்கவில்லை. கை மெயின் ஸ்விட்சுக்குப் போனது.

அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்ணா,” என்றாள். “எனக்குக் கேக்க வேண்டாம். ஓடட்டும்.”